ஸ்கேனில் 15, உறைநிலையில் 3: ஐவிஎஃப் சுற்றில் எண்ணிக்கை எங்கே குறைகிறது, ஏன் குறைகிறது

முட்டையையும் விந்தணுவையும் உடலுக்கு வெளியே ஆய்வகத்தில் சேர்த்துக் கருவாக்கும் ஐவிஎஃப் சுற்று தொடங்கிவிட்டால் சில நாளுக்கொரு முறை ஓர் எண் காதில் விழும். ஸ்கேனில் 15 ஃபாலிக்கிள், அதாவது முட்டையைச் சுமந்திருக்கும் நீர் நிறைந்த சிறு பை, தெரிகிறது என்பார்கள். உறிஞ்சி எடுத்த அன்று 12 முட்டை. அதில் முதிர்ந்தவை 9. மறுநாள் காலை கருவுற்றவை 6. ஐந்தாறு நாள் கழித்து உறையவைக்கத் தகுதியான கரு 3. கேட்கிறவருக்கு வழியில் எங்கோ ஏதோ கெட்டுப்போனதாகத்தான் தோன்றும். ஆனால் மேலே சொன்னது நல்லபடியாக நடந்த ஒரு சுற்றின் கணக்கு. இந்தச் சரிவு எந்தப் படியில் எவ்வளவு இயல்பு என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால், தொலைபேசியில் வரும் ஒவ்வொரு எண்ணையும் அதனதன் இடத்தில் வைத்துப் பார்க்கலாம்.

அதற்கு முன், எல்லோரும் ஐவிஎஃப் வரை வரத் தேவையில்லை. கருத்தடை எதுவும் இல்லாமல் ஓராண்டு சீராக உறவு வைத்தும் கரு தரிக்கவில்லை என்றால் பரிசோதனை தொடங்க வேண்டும். பெண்ணுக்கு வயது 35-ஐத் தாண்டிவிட்டால் 6 மாதமே போதும். முட்டை சரியாக வெளிவராததுதான் சிக்கல் என்றால், மாதவிடாயின் இரண்டாம் அல்லது மூன்றாம் நாளிலிருந்து 5 நாள் லெட்ரோசோல் மாத்திரை கொடுத்து, ஸ்கேனில் வளர்ச்சியைப் பார்த்து, உறவுக்கு நாள் குறித்துக் கொடுப்பதிலேயே பலருக்குக் காரியம் முடிந்துவிடும். அடுத்த படி ஐயுஐ. கழுவிச் சேகரித்த விந்தணுவை மெல்லிய குழாய் வழியே கருப்பைக்குள் விடுவது. அதற்கு ஒரு கருக்குழாயாவது திறந்திருக்க வேண்டும். இரண்டு குழாயும் அடைபட்டவர்கள், விந்தணு மிகக் குறைவாக உள்ளவர்கள், வயது காத்திருக்க விடாதவர்கள் ஆகியோருக்கு ஐயுஐ-யைத் திரும்பத் திரும்பச் செய்வதில் காலம்தான் போகும்.

பரிசோதனைத் தாளை எப்படிப் படிப்பது

அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் எண் ஏஎம்ஹெச். சினைப்பையில் மிச்சமிருக்கும் முட்டைகள் எவ்வளவு என்பதற்கு அது ஒரு மறைமுக அளவு. முட்டை வளர்க்கும் ஊசிக்கு எத்தனை முட்டை கிடைக்கும் என்று கணிக்க உதவும். அந்த முட்டை நல்லதா என்று அது சொல்லாது. தரத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் வயது. 30 வயதில் ஏஎம்ஹெச் குறைவாக இருப்பவருக்கு முட்டை சிலதான் கிடைக்கும், ஆனால் அவை 30 வயது முட்டைகள். இன்னொன்று, தாளில் அலகைப் பாருங்கள். சில ஆய்வகங்கள் நானோகிராமிலும் சில பிகோமோலிலும் தருகின்றன. ஒரு மில்லி லிட்டருக்கு 1 நானோகிராம் என்பது ஒரு லிட்டருக்கு சுமார் 7 பிகோமோல். பழைய தாளில் 7, புதிய தாளில் 1 என்று பார்த்துவிட்டு நொந்துபோக வேண்டாம்.

விந்துப் பரிசோதனைக்கு 2 முதல் 7 நாள் இடைவெளி விட்டுக் கொடுக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட கையேட்டின் கீழ் எல்லைகள் இவை: அளவு 1.4 மில்லி லிட்டர், ஒரு மில்லி லிட்டரில் 1.6 கோடி விந்தணு, முன்னோக்கி நகர்பவை 30 சதவீதம், இயல்பான வடிவம் 4 சதவீதம். இந்த எல்லைகள், ஓராண்டுக்குள் இயல்பாகத் தந்தையான ஆண்களில் கடைசி 5 சதவீதத்தினரின் அளவை வைத்துப் போடப்பட்டவை. ஆகவே எல்லைக்குச் சற்றுக் கீழே இருந்தால் முடியாது என்றோ, மேலே இருந்தால் சிக்கலே இல்லை என்றோ அர்த்தமில்லை. வடிவம் 4 சதவீதம் என்பதைப் பார்த்து, மீதி 96 சதவீதமும் பழுது என்று பதறுபவர்கள் நிறைய. விந்தணு உருவாக ஏறக்குறைய இரண்டரை மாதம் ஆகும். அதற்குள் கடும் காய்ச்சல் வந்திருந்தால் எண்ணிக்கை விழும். ஒரு தாளை வைத்து முடிவெடுக்காமல் சில வாரம் கழித்து மறுமுறை பார்ப்பது அதனால்தான். உடற்பயிற்சிக் கூடங்களில் போட்டுக்கொள்ளும் டெஸ்டோஸ்டிரோன் ஊசி விந்தணு உற்பத்தியையே நிறுத்திவிடக்கூடியது. கேட்டால்தான் பலர் இதைச் சொல்கிறார்கள்.

கருக்குழாய் அடைபட்டு, அதில் நீர் கோத்து வீங்கியிருந்தால் ஐவிஎஃப் செய்வதற்கு முன்பே அதை எடுத்துவிடவோ கிளிப் போட்டு மூடவோ வேண்டும். அந்த நீர் கருப்பைக்குள் கசிந்து, வைத்த கரு ஒட்டும் வாய்ப்பை ஏறக்குறையப் பாதியாக்கிவிடும்.

ஊசி நாட்கள்

இயல்பான மாதத்தில் பல ஃபாலிக்கிள்கள் ஒன்றாகப் புறப்படும். ரத்தத்தில் எஃப்எஸ்ஹெச் ஹார்மோன் குறையக் குறைய, ஒன்று மட்டும் தாக்குப்பிடித்து முந்திவிடும். மற்றவை கரைந்துபோகும். வெளியிலிருந்து எஃப்எஸ்ஹெச் ஊசி போட்டு அந்த அளவு விழாமல் பார்த்துக்கொண்டால், கரைந்துபோக இருந்தவையும் சேர்ந்து வளரும். இவ்வளவுதான் ஊசியின் வேலை. அடுத்தடுத்த மாதங்களுக்கான முட்டைகளை இப்போதே எடுத்துத் தீர்த்துவிடுவார்களோ, சீக்கிரம் மாதவிடாய் நின்றுவிடுமோ என்ற பயத்துக்கு அடிப்படை இல்லை. எடுப்பதெல்லாம் அந்த மாதம் எப்படியும் வீணாகப் போயிருக்கும் முட்டைகள்.

மாதவிடாயின் இரண்டாம் அல்லது மூன்றாம் நாள் ஸ்கேன் பார்த்துவிட்டு ஊசி தொடங்கும். தினமும் 150 முதல் 300 அலகு வரை, 8 முதல் 12 நாள். வயிற்றுத் தோலுக்கடியில், தொப்புளிலிருந்து இரண்டு விரல் தள்ளி, நாளுக்கொரு பக்கமாக மாற்றிப் போட வேண்டும். ஐந்தாம் ஆறாம் நாளில், அல்லது பெரிய ஃபாலிக்கிள் 13, 14 மி.மீ. வந்ததும், இரண்டாவது ஊசி சேரும். முட்டை தானாக வெடித்து வெளியேறிவிடாமல் தடுக்கும் ஆன்டகனிஸ்ட் ஊசி அது. ஒன்றை நிறுத்திவிட்டு இன்னொன்று என்று எண்ணிக்கொண்டு எஃப்எஸ்ஹெச் ஊசியை விட்டுவிடக் கூடாது. இரண்டும் சேர்ந்தே போகும்.

இரண்டு மூன்று நாளுக்கொரு ஸ்கேன். ஃபாலிக்கிள் நாளொன்றுக்கு ஒன்றரை முதல் 2 மி.மீ. வளரும். இரண்டு மூன்றாவது 17, 18 மி.மீ. எட்டினால் அடுத்த கட்டம். எல்லாம் ஒரே அளவில் வளராது. 10 மி.மீ.யில் நின்றுவிட்டவற்றிலிருந்து முதிர்ந்த முட்டை கிடைப்பது அரிது. ஸ்கேனில் சொல்லும் மொத்த எண்ணிக்கையில் இவையும் அடக்கம். ஆக, முதல் சரிவு இங்கேயே எழுதப்பட்டுவிடுகிறது.

ட்ரிகர் ஊசி: கடிகாரத்தைப் பார்த்துப் போட வேண்டியது

மொத்தச் சுற்றிலும் நோயாளியின் கையில் இருக்கும் மிகப் பெரிய பொறுப்பு இதுதான். வளர்ந்த ஃபாலிக்கிளில் இருக்கும் முட்டை இன்னும் கருவுறும் நிலைக்கு வந்திருக்காது. அதில் குரோமோசோம் முழு எண்ணிக்கையில், 46, இருக்கும். முட்டையைக் கடைசியாக முதிரவைக்கும் ட்ரிகர் ஊசி போட்டதும் முட்டை தன் குரோமோசோமில் பாதியை ஒரு சிறு உருண்டையாகப் பிதுக்கி வெளியே தள்ளும். பிறகுதான் அது விந்தணுவின் 23-ஐ ஏற்கத் தயார். இந்த வேலை முடியவும், முட்டை ஃபாலிக்கிள் சுவரிலிருந்து தளரவும் ஒன்றரை நாள் வேண்டும். அதற்கும் சில மணி நேரம் கூடிப்போனால் ஃபாலிக்கிள் தானே வெடித்து முட்டை வயிற்றுக்குள் போய்விடும். அதனால் ஊசிக்கும் முட்டை எடுப்பதற்கும் இடையில் 34 முதல் 36 மணி நேரம். புதன் காலை 9 மணிக்கு அறுவை அரங்கு என்றால் திங்கள் இரவு 9 மணிக்கு ஊசி. அலாரம் ஒன்றல்ல, இரண்டு வையுங்கள்.

இங்கே நடக்கும் தவறுகள் ஏறக்குறைய எல்லா இடத்திலும் ஒரே மாதிரிதான். தூளும் கரைக்கும் நீரும் தனித்தனிக் குப்பியில் வரும் ஊசியில், தூளைக் கலக்காமல் நீரை மட்டும் போட்டுக்கொள்வது. தூள் கரையும் முன்பே அவசரமாக உறிஞ்சுவது. குப்பியைக் குலுக்கி நுரை வரவைத்து, பாதி மருந்தை நுரையிலேயே விட்டுவிடுவது. குலுக்காமல் விரல்களுக்கிடையில் மெல்ல உருட்டி, தெளிந்த பிறகு உறிஞ்ச வேண்டும். போட்ட நேரத்தை எழுதி வையுங்கள். தாமதமாகிவிட்டால் மறைக்காமல் உடனே மருத்துவமனையில் சொல்லுங்கள். அரங்கு நேரத்தை அதற்கேற்பத் தள்ளிவைக்க முடியும். சொல்லாமல் விட்டால் முட்டையே கிடைக்காமல் போகலாம்.

ட்ரிகரில் இரண்டு வகை. ஒன்று, கர்ப்பத்தில் சுரக்கும் ஹார்மோனான ஹெச்சிஜி. மற்றொன்று, முட்டையை வெளிவரச் செய்யும் எல்ஹெச் ஹார்மோனை உடலே சுரக்கும்படி தூண்டிவிடும் அகோனிஸ்ட். ஃபாலிக்கிள் மிக அதிகமாக வளர்ந்தவர்களுக்கு இரண்டாவதுதான் பாதுகாப்பு. காரணம் பின்னால் வருகிறது.

முட்டை எடுப்பு, பிறகு ஆய்வகம்

மயக்க மருந்து கொடுத்து, பெண்ணுறுப்பு வழியாக ஸ்கேன் கருவியோடு ஊசியைச் செலுத்தி, ஃபாலிக்கிள் ஒவ்வொன்றின் நீரையும் உறிஞ்சுவார்கள். 15, 20 நிமிட வேலை. தையல் இல்லை. முட்டையின் குறுக்களவு சுமார் 0.1 மி.மீ. ஸ்கேனில் அது தெரியவே தெரியாது. தெரிவது நீர்ப்பை மட்டும். பையை எண்ணி முட்டையைக் கணக்கிட்டதால்தான் 15 என்பது 12 ஆனது.

ஆய்வகத்தில் முட்டையைச் சுற்றியுள்ள செல்களை அகற்றிப் பார்ப்பார்கள். மேலே சொன்ன சிறு உருண்டை ஓரத்தில் தெரிந்தால் முதிர்ந்த முட்டை. பொதுவாக நான்கில் மூன்று பங்கு இப்படி இருக்கும். இக்ஸி என்றால் ஒரு விந்தணுவை நுண்ணூசியில் எடுத்து நேரே முட்டைக்குள் செலுத்துவது. விந்தணு குறைபாடு இருந்தால் இக்ஸி அவசியம். குறைபாடு இல்லாதபோது முட்டையையும் ஆயிரக்கணக்கான விந்தணுக்களையும் தட்டில் சேர்த்து விட்டுவிடும் வழக்கமான ஐவிஎஃப்பே போதும். இக்ஸி செய்தால் குழந்தைப் பேறு கூடும் என்று அப்படிப்பட்டவர்களிடம் சொல்வது சரியல்ல.

16 முதல் 18 மணி நேரத்தில் நுண்ணோக்கியில் பார்க்கும்போது முட்டைக்குள் இரண்டு வட்டங்கள் அருகருகே தெரிய வேண்டும். ஒன்று தாயுடையது, ஒன்று தந்தையுடையது. மூன்று தெரிந்தால் குரோமோசோம் கூடிப்போயிற்று என்று பொருள், வைக்க மாட்டார்கள். முதிர்ந்த முட்டைகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சரியாகக் கருவுறும்.

அடுத்து, கரு இரண்டாம் நாள் 4 செல், மூன்றாம் நாள் 8 செல், ஐந்தாம் நாள் நூற்றுக்கு மேற்பட்ட செல்களோடு நடுவில் நீர் கோத்த பிளாஸ்டோசிஸ்ட். பெரிய சரிவு மூன்றுக்கும் ஐந்துக்கும் இடையில்தான். முதல் இரண்டு மூன்று நாள் கரு ஓடுவது முட்டை சேர்த்துவைத்த சரக்கில். அதன் பிறகு அதன் சொந்த மரபணுக்கள் வேலையை ஏற்க வேண்டும். குரோமோசோம் கோளாறு உள்ளவற்றில் பல இந்தக் கைமாற்றத்தில் நின்றுவிடும். கருவுற்றவற்றில் சுமார் பாதி, பல சமயம் அதற்கும் குறைவு, பிளாஸ்டோசிஸ்ட் ஆகும். வயது பேசுவதும் இங்கேதான். 40 வயதையொட்டி உருவாகும் கருக்களில் பாதிக்கு மேல் குரோமோசோம் எண்ணிக்கை தவறியிருக்கும். எந்த ஊசியும் மாத்திரையும் இதைத் திருத்தாது.

தாளில் 4ஏபி என்று எழுதியிருந்தால், எண் கரு எவ்வளவு விரிந்திருக்கிறது என்பதற்கு. 1 முதல் 6 வரை. முதல் எழுத்து குழந்தையாக வளரப்போகும் உள் செல்திரளின் தரம். அடுத்தது நஞ்சுக்கொடியாகும் வெளிச் செல்களின் தரம். இது கண்ணால் பார்த்துப் போடும் மதிப்பெண். பிபி கருவிலிருந்து குழந்தை பிறப்பது சாதாரணம். ஏஏ கரு ஒட்டாமல் போவதும் சாதாரணம்.

கருவை வைப்பது

கருப்பை உள்சுவர் 7 மி.மீ.க்கு மேல் தடித்து, ஸ்கேனில் மூன்று கோடாகத் தெரிந்தால் நல்லது. கரு ஒட்டுவதற்குச் சுவரைத் தயார்செய்யும் புரோஜெஸ்டிரோன் ஹார்மோன் தொடங்கி 5 நாள் முடிந்த பிறகு ஐந்தாம் நாள் கருவை வைப்பார்கள். கருவின் வயதும் சுவரின் வயதும் ஒத்துப்போக வேண்டும் என்பதே கணக்கு. மயக்க மருந்து வேண்டாம். சிறுநீர்ப்பை ஓரளவு நிறைந்திருந்தால் கருப்பை நிமிர்ந்து, ஸ்கேனில் தெளிவாகத் தெரியும். 20, 30 மைக்ரோலிட்டர் திரவத்தில், அதாவது ஒரு துளிக்கும் குறைவான நீரில், கருவை மெல்லிய குழாய் வழியே இறக்குவார்கள். எழுந்து நின்றால் கரு விழுந்துவிடும் என்ற பயம் பரவலாக இருக்கிறது. உள்சுவரின் இரு பக்கமும் ஒன்றோடொன்று ஒட்டி இருப்பதால் விழ வழியில்லை. நாள்கணக்கில் படுத்தே கிடப்பதால் பலன் இல்லை என்பது ஆய்வுகளில் தெளிவாகிவிட்டது. எழுந்து நடக்கலாம், வேலைக்குப் போகலாம்.

ஒன்றுக்கு இரண்டாக வைத்தால் வாய்ப்பு கூடுமே என்று கேட்காதவர்கள் குறைவு. ஒரு முறைக்கான வாய்ப்பு ஓரளவு கூடும், உண்மைதான். கூடவே இரட்டைக் கர்ப்பமும், குறைமாதப் பிரசவமும், தாயின் ரத்த அழுத்தச் சிக்கலும் கூடும். நல்ல பிளாஸ்டோசிஸ்ட் இருந்தால் ஒன்றாக வைத்து, மீதியை மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் வைத்துக்கொள்வதே எங்கள் பரிந்துரை. இன்றைய அதிவேக உறைமுறையில் 90 சதவீதத்துக்கு மேற்பட்ட கருக்கள் உருகிய பின் உயிரோடு இருக்கின்றன.

புரோஜெஸ்டிரோன் மாத்திரையோ ஜெல்லோ ஊசியோ, ரத்தப் பரிசோதனை வரை ஒரு வேளையும் விடக் கூடாது. ஹார்மோன் மாத்திரை மூலம் சுவரைத் தயார்செய்து உறைந்த கரு வைத்தவர்களுக்கு இது இன்னும் முக்கியம். அந்த மாதம் முட்டை வெளிவராததால் உடலில் சொந்தமாகப் புரோஜெஸ்டிரோன் சுரக்காது. சிறிது ரத்தம் பட்டதும் தோற்றுவிட்டது என்று தானாக மருந்தை நிறுத்துவது பெரிய பிழை. ரத்தக் கசிவோடு தொடரும் கர்ப்பங்கள் ஏராளம்.

எப்போது உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்

சினைப்பை அளவுக்கு மீறித் தூண்டப்பட்டால் ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து வயிற்றில் சேரும். ஓஹெச்எஸ்எஸ் என்பது இதுதான். சினைப்பையில் சிறு ஃபாலிக்கிள்கள் நிறையத் தங்கும் பிசிஓஎஸ் உள்ளவர்களுக்கும் ஏஎம்ஹெச் அதிகம் உள்ளவர்களுக்கும் வாய்ப்பு அதிகம். ஒரே நாளில் எடை ஒரு கிலோவுக்கு மேல் ஏறுவது, வயிறு உப்பி இறுகுவது, சிறுநீர் குறைந்து கருப்பது, மூச்சு வாங்குவது, நிற்காத வாந்தி ஆகியவை அடையாளங்கள். ரத்தம் கெட்டிப்பட்டு உறையும் அபாயம் இருப்பதால் காலையில் பார்க்கலாம் என்று தள்ளிப்போடக் கூடாது. இதைத் தூண்டிவிடுவது ஹெச்சிஜி. அதனால்தான் அபாயம் உள்ளவர்களுக்கு அகோனிஸ்ட் ட்ரிகர் கொடுத்து, கருக்களை எல்லாம் உறையவைத்து, அந்த மாதம் எதையும் வைக்காமல் விடுகிறார்கள். கர்ப்பமானால் உடலே ஹெச்சிஜி சுரந்து நிலைமையை மோசமாக்கும் அல்லவா?

திடீரென ஒரு பக்கம் மட்டும் தாங்க முடியாத வலி, வாந்தியோடு வந்தால் வீங்கிய சினைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். ஊசி நாட்களிலும் அதன் பிறகு சில வாரமும் குதிக்கும், உடலைத் திருப்பும் பயிற்சிகள் வேண்டாம் என்பது இதற்காக.

ரத்தப் பரிசோதனை

கரு வைத்து 9 முதல் 14 நாளில் பீட்டா ஹெச்சிஜி என்ற கர்ப்ப ஹார்மோனை ரத்தத்தில் அளப்பார்கள். அதற்குமுன் வீட்டில் அட்டை வைத்துப் பார்ப்பதில் ஒரு கண்ணி உண்டு. ட்ரிகராகப் போட்ட ஹெச்சிஜி பத்து நாள் வரைகூட உடலில் தங்கி, இல்லாத கர்ப்பத்துக்கு இரண்டு கோடு காட்டும். முதல் எண்ணைவிட அது ஏறும் வேகமே பேசும். 48 மணி நேரத்தில் குறைந்தது ஒன்றரை மடங்காவது ஆக வேண்டும். மந்தமாக ஏறினால் குழாயில் தங்கிய கர்ப்பமா என்று பார்ப்பார்கள். கருவைக் கருப்பையில்தானே வைத்தோம் என்றாலும் அது குழாய்க்குள் நகர்ந்து ஒட்டுவது உண்டு. ஐந்தாம் நாள் கரு வைத்த தேதியை 2 வாரம் 5 நாள் கர்ப்பம் என்று எண்ணுவார்கள். அப்படிப் பார்த்தால் இதயத் துடிப்பு ஸ்கேன் அங்கிருந்து சுமார் 4 வாரத்தில் வரும்.

கிடைக்கவில்லை என்றால், அடுத்த சுற்றைப் பற்றிப் பேசும் முன் ஒவ்வொரு படியின் எண்ணையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எங்கே வழக்கத்துக்கு மீறிச் சரிந்தது என்பதைப் பொறுத்தே மாற்றம் இருக்க வேண்டும். ஃபாலிக்கிளே குறைவு என்றால் மருந்தின் அளவையும் வகையையும் பார்க்கலாம். 12 முட்டையில் 4 மட்டுமே முதிர்ந்திருந்தால் ட்ரிகரின் வகை, நேரம், ஃபாலிக்கிள் அளவு ஆகியவற்றில் கை வைக்க வேண்டும். தட்டில் விட்டும் கருவுறவே இல்லை என்றால் அடுத்த முறை இக்ஸி. மூன்றாம் நாள் வரை நன்றாக வந்து எல்லாம் நின்றுபோனால் முட்டை, விந்தணு இரண்டின் தரமும் கேள்விக்குள்ளாகும். நல்ல கருக்கள் இரண்டு மூன்று முறை ஒட்டவில்லை என்றால் கருப்பைக்குள் மெல்லிய கேமராவை விட்டுப் பார்க்கும் ஹிஸ்டரோஸ்கோப்பி செய்து பாலிப் எனும் சதை வளர்ச்சி, தழும்பு எதுவும் இருக்கிறதா என்று பார்ப்பது நியாயம். படி எதுவென்றே சொல்லாமல் பொதுவாகப் புதுப்புதுக் கூடுதல் சிகிச்சைகளை முன்வைத்தால், அது எந்தச் சரிவுக்கான மருந்து என்று கேளுங்கள். உறைந்த கரு மிச்சமிருந்தால் மறுபடி முட்டை ஊசி தேவையில்லை, அடுத்த மாதவிடாயிலேயே சுவரைத் தயார்செய்யத் தொடங்கலாம். மிச்சமில்லை என்றால் சினைப்பைகள் பழைய அளவுக்குச் சுருங்கியதை ஸ்கேனில் உறுதிசெய்துகொண்டு அடுத்த ஊசியைத் தொடங்குவார்கள்.